லண்டனில் ஓர் அரபுப் பத்திரிகை, லயத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகை

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் மொழியாக அரபு எடுத்திருக்கிறேன். ஏன் அரபு என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. ஜப்பானிய வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் இரண்டாம் பருவத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்துக்குப் பிறகு, இடம் கிடைக்காமல் போனதும் நல்லதுக்குத்தான் என்று நினைக்கத் தொடங்கினேன்.

ஒருநாள் எங்கள் உஸ்தாசா பழைய அரபு நாளிதழ்களை ஒரு பையில் கொண்டு வந்தார். ஆளுக்கொன்றைக் கொடுத்து, தலைப்புச் செய்திகளில் தெரிந்த எழுத்துகளை எல்லாம் வட்டமிடச் சொன்னார். எனக்குக் கிடைத்தது மட்டும் வெளிர்பச்சை நிறத் தாள். எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்தேன்: ‘அஷ்ஷர்க் அல் அவ்சத்’. மத்தியக் கிழக்கு என்று பொருளாம். “எந்த நாட்டுப் பத்திரிகை, உஸ்தாசா? சவூதியா, எகிப்தா?” என்று கேட்டேன். “லண்டன்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரபு மொழி, அரபு வாசகர்கள், அரபு அரசியல். இதற்கும் லண்டனுக்கும் என்ன சம்பந்தம்? விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

வீடு என்றால் தானா ராத்தா. சரியாகச் சொன்னால், தானா ராத்தாவிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். சுற்றுப் பயணிகள் படம் பிடிக்கும் பச்சை மேடுகளுக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் எங்கள் வீடு. தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து கொழுந்து பறித்த குடும்பம். இப்போது கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். எங்கள் வீட்டில் அம்மா மட்டும்தான் இன்னும் தோட்டத்து வேலையில் இருக்கிறார்.

பாட்டி அந்தப் பச்சைத் தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நேராகத் திருப்பி, மறுபடி தலைகீழாக்கிப் பார்த்தார்.

“எந்த ஊரு பேப்பரும்மா இது?”

“அரபுப் பேப்பர் பாட்டி. ஆனா லண்டன்ல அடிக்கிறாங்களாம்.”

“அதுல என்ன அதிசயம்? நம்ம முரசுகூடச் சிங்கப்பூர்லேருந்துதானே வந்துச்சு.”

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் நான் தேடத் தொடங்கினேன். அதோடு, என் கைப்பேசியில் இருக்கும் ஒரு சொந்தத் தலைவலிக்கும் இந்தக் கேள்வி தேவைப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பச்சைத் தாள். ‘அஷ்ஷர்க் அல் அவ்சத்’ 1978 ஜூலை 4ஆம் தேதி லண்டனில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் ஹிஷாம் ஹாஃபிஸ், முகம்மது அலி ஹாஃபிஸ் என்னும் சவூதி சகோதரர்கள். பக்கங்கள் லண்டனில் தயாராகும். பிறகு செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகளில் உள்ள அச்சகங்களுக்குப் போகும். ஒரே காலையில் ஒரே பத்திரிகை பல நகரங்களில் கைக்குக் கிடைக்கும். இணையத்தில் கோப்பு அனுப்பிப் பழகிய நமக்கு இது சாதாரணம். 1980களின் தொடக்கத்தில் அரபு உலகுக்கு இது பெரிய விஷயம். மொரோக்கோவில் இருப்பவரும் குவைத்தில் இருப்பவரும் ஒரே தலையங்கத்தை ஒரே நாளில் படிக்க முடிந்தது.

ஏன் லண்டன் என்பதற்கு ஒரே பதில் இல்லை. அதற்கு முன்பு அரபுப் பத்திரிகைகளின் தலைநகர் என்று பெய்ரூட்டைத்தான் சொல்வார்கள். லெபனானில் 1975இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. அச்சகங்கள் இருந்த தெருக்களே போர்க்களம் ஆயின. பத்திரிகைக்காரர்கள் கிளம்பினார்கள். அதே ஆண்டுகளில்தான் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் பணம் பெருகியிருந்தது. லண்டனிலும் எட்ஜ்வேர் சாலைப் பக்கம் அரபு மக்கள் ஏற்கெனவே குடியேறியிருந்தார்கள். எழுதும் ஆளுக்குத் தணிக்கை அதிகாரி பக்கத்து அறையில் இல்லாத ஊர் வேண்டியிருந்தது. பணம் போடுபவருக்குத் தொழில்நுட்பம் உள்ள ஊர் வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் லண்டன் பிடித்துப் போனது.

‘அல் ஹயாத்’தின் கதை இதைவிட வேதனையானது. காமில் முரூவே என்பவர் 1946இல் பெய்ரூட்டில் தொடங்கிய நாளிதழ் அது. 1966இல் அவரை அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். பத்திரிகை அதற்குப் பிறகும் நடந்தது. போர்தான் 1976இல் அதை நிறுத்தியது. 1988இல் அவருடைய மகன் ஜமீல் முரூவே அதை லண்டனில் மீண்டும் உயிர்ப்பித்தார். விரைவிலேயே அது சவூதி இளவரசர் காலித் பின் சுல்தானின் கைக்குப் போனது. 1989இல் பாலஸ்தீனர்கள் தொடங்கிய ‘அல் குத்ஸ் அல் அரபி’யும் லண்டன்தான். ஆக ஒரு காலகட்டத்தில், அரபு உலகின் முக்கியமான சண்டைகள் எல்லாம் தேம்ஸ் நதிக்கரையில் அச்சாகிக்கொண்டிருந்தன.

இதைப் படிக்கும்போது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: வெளியே போய்விட்டால் பயமில்லாமல் எழுதலாம். உஸ்தாசாவிடம் அப்படிச் சொன்னேன். “நாஜி அல் அலியைத் தேடிப் பார்” என்றார்.

தேடினேன். இந்தப் பெயரை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நாஜி அல் அலி பாலஸ்தீனக் கேலிச்சித்திரக்காரர். கலிலேயாவில் அஷ்ஷஜரா என்னும் ஊரில் பிறந்தவர். 1948இல் ஊரை இழந்து, சுமார் பத்து வயதில் லெபனானில் உள்ள அய்ன் அல் ஹில்வே அகதி முகாமுக்கு வந்தார். அவர் வரைந்த படங்களில் ஹந்தலா என்று ஒரு பையன் இருப்பான். ஒட்டுப் போட்ட சட்டை, வெறுங்கால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டி நிற்பான். வயது பத்து. ஊருக்குத் திரும்பும்வரை அவன் வளர மாட்டான் என்று நாஜி சொல்லியிருக்கிறார். இஸ்ரேல், அரபு மன்னர்கள், பாலஸ்தீனத் தலைவர்கள் என்று யாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. குவைத்தின் ‘அல் கபஸ்’ நாளிதழில் வரைந்துகொண்டிருந்தவரை 1985இல் அந்த நாட்டிலிருந்து வெளியேற்றினார்கள். அதே பத்திரிகையின் லண்டன் பதிப்புக்கு வரைய வந்தார்.

1987 ஜூலை 22ஆம் தேதி, லண்டனில் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே, நடுத்தெருவில் அவரைச் சுட்டார்கள். ஆகஸ்டு 29ஆம் தேதி இறந்தார். சுட்டவன் யார் என்று இதுவரை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2017இல், லண்டன் காவல்துறை மறுபடியும் பொதுமக்களிடம் தகவல் கேட்டது. ஹந்தலா இன்னும் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1997 ஜனவரியில், ‘அல் ஹயாத்’தின் லண்டன் அலுவலகத்துக்குக் கடித வெடிகுண்டுகள் வந்தன. காயம் பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். ஆக, எல்லை தாண்டினால் ஆபத்து தாண்டாது என்ற நினைப்பு அத்தோடு போயிற்று.

குண்டு ஒரு பக்கம். சத்தமில்லாத இன்னொன்றும் உண்டு. லண்டனில் அச்சான இந்தப் பெரிய நாளிதழ்கள் பல, சொந்த நாட்டுத் தணிக்கையிலிருந்து தப்பித்தன. ஆனால் முதலாளியின் பணப்பையிலிருந்து தப்பிக்கவில்லை. சவூதிப் பணத்தில் நடக்கும் பத்திரிகையில் உலகத்தில் உள்ள எல்லா அரசுகளையும் விமர்சிக்கலாம், ஓர் அரசைத் தவிர. ஜமால் கஷோகி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் ‘அல் ஹயாத்’தில் பத்தி எழுதியவர். 2017இல் அந்தப் பத்தி நிறுத்தப்பட்டது. அமெரிக்காவுக்குப் போய் ‘வாஷிங்டன் போஸ்ட்’டில் எழுதினார். 2018 அக்டோபர் 2ஆம் தேதி இஸ்தான்புல்லில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். அவர் எழுதிய கடைசிப் பத்தி அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அரபு மக்களுக்கென்று, எந்த அரசின் பிடியிலும் இல்லாத ஒரு பன்னாட்டு ஊடகம் வேண்டும் என்பதுதான் அதில் அவருடைய கோரிக்கை. 1978இலிருந்து லண்டனில் இத்தனை பத்திரிகைகள் இருந்தும் 2018இல் ஒருவர் அப்படிக் கேட்க வேண்டியிருந்தது என்பதை நான் இரண்டு முறை படித்தேன். அதே ஆண்டு ‘அல் ஹயாத்’தின் லண்டன் அலுவலகமும் மூடப்பட்டது.

சரி, பச்சைத் தாளை விடுவோம். நமக்குச் சிவப்புத் தாள் இருந்தது.

பாரதியாரை நாம் மேடையில் ஒப்புவிக்கிறோம். பேச்சுப் போட்டிக்கு முண்டாசு கட்டிக்கொள்கிறோம். அவர் பத்திரிகைக்காரர் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு போய்விடும். 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழுக்கு உயிராக இருந்தவர் அவர். சிவப்பு நிறத் தாளில் வந்த இதழ் அது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரங்களைத் தொடர்ந்து வெளியிட்ட முன்னோடியும் அதுதான். 1908இல் நிலைமை முற்றியது. மார்ச் மாதம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். ஆகஸ்டில் அரசாங்கத்தின் பார்வை ‘இந்தியா’ பக்கம் திரும்பியது.

கைதானவர் பாரதியார் அல்லர். இதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி. சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். சிறைக்குப் போனவர் அவர். பாரதியார், நண்பர்கள் வற்புறுத்தியதால், பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். அச்சு இயந்திரமும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. வாசகர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியாவில், அச்சகம் பிரெஞ்சு மண்ணில். பெய்ரூட்டுக்கும் லண்டனுக்கும் நடுவே கடல் இருக்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஒரு சோதனைச் சாவடிதான். ஆனாலும் அது வெளிநாடு.

பிரிட்டிஷ் அரசு புதுச்சேரிக்குள் நுழைந்து அச்சகத்தைப் பூட்டவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஒற்றர்களை அனுப்பி வீட்டைக் கண்காணித்தது. இதழ் தன் எல்லைக்குள் வருவதைத் தடுத்தது. 1910 பிப்ரவரியில் புதிய பத்திரிகைச் சட்டமும் வந்தது. வாசகர் கைக்கு இதழ் போகவில்லை என்றால் சந்தாப் பணம் திரும்பி வராது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. பாரதியார் அங்கேயே இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தார். 1918 நவம்பரில் எல்லை தாண்டியபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார்.

அரபுப் பத்திரிகைகளுக்கு இளவரசர்கள் இருந்தார்கள், ‘இந்தியா’வுக்கு இல்லை. இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? எனக்கு இன்னும் தெளிவில்லை. முதலாளி வைத்த நாளிதழ்கள் பல பத்தாண்டுகள் ஓடின. வாசகர் காசை நம்பிய வார இதழ் புதுச்சேரியில் ஒன்றரை ஆண்டு தாங்கியது.

இப்போது பாட்டியின் முரசு. ‘தமிழ் முரசு’ 1935இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து, இருபது வயதை ஒட்டிச் சிங்கப்பூருக்கு வந்தவர். 1946இல் சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாகப் பிரிக்கப்பட்டது. 1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தது. 1963இல் இரண்டும் சேர்ந்தன. 1965இல் பிரிந்தன. வரலாற்றுத் தாளில் இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் இத்தனை எல்லைகளும் மாறிக்கொண்டிருந்தபோது ஒரு தமிழ் நாளிதழ் அவற்றைத் தாண்டி மலாயாத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பாட்டி சொன்னார். அவருக்கு அப்போது ஒன்பது, பத்து வயது இருக்கும். அவசரகாலம் நடந்த ஆண்டுகள். பத்திரிகை ரயிலில் தாப்பா ரோடு நிலையம் வரை வந்து, அங்கிருந்து லாரியில் மலை ஏறும். வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்க வைக்கும் அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக்கு வந்து சேரும்போது இரண்டு நாள் பழசாகியிருக்குமாம். பாட்டியின் அப்பாவுக்குத்தான் அந்த வரிசை லயத்தில் நன்றாகப் படிக்கத் தெரியும். வேலை முடிந்து குளித்துவிட்டு, வாசலில் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். மற்றவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுற்றி உட்காருவார்கள். அவர் சத்தமாகப் படிப்பார். விளம்பரத்தையும் விடமாட்டாராம். “மருந்துக் கடை விளம்பரம்கூட அவரு படிச்சா செய்தி மாதிரி இருக்கும்” என்றார் பாட்டி.

“ஒருதரம் எல்லார்கிட்டயும் காசு வாங்குனாங்க. எங்கப்பா ஒரு வெள்ளி குடுத்தாரு. எங்கம்மாவுக்குக் கோபம். படிக்காத நமக்கு எதுக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் காசுன்னு சண்டை.”

எந்தப் பெரிய பள்ளிக்கூடம்? கொஞ்சம் தேடியதும் புரிந்தது. 1950களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கத் திட்டமிட்டார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி. அவர் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். இந்நாட்டு இந்தியரில் பெரும்பாலோர் தமிழர், எனவே தமிழே இருக்க வேண்டும் என்று சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வழியாகக் குரல் எழுப்பினார். குரலோடு நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அன்றைய தோட்டக் கூலிக்கு ஒரு வெள்ளி சின்னக் காசு அல்ல. துறை 1956இல் தமிழோடு தொடங்கியது. திரட்டிய நிதி துறையின் நூலகத்துக்குத் தமிழ் நூல்களாக மாறியது. பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது.

அந்த நூலகத்தில் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். குளிரூட்டி நன்றாக இருக்கும் என்பதற்காக. ஒரு வெள்ளிக்கு அங்கே என்ன புத்தகம் வாங்கியிருப்பார்கள் என்று இப்போது அலமாரி அலமாரியாகப் பார்க்கத் தோன்றுகிறது.

முரசுக்கு மாணவர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது, மாணவர் மணிமன்றம் என்று. பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்புவதை அது அச்சிட்டது. அதைச் சுற்றி ஊர் ஊராக மன்றங்கள் உருவாயின. இன்று நம் நாட்டில் உள்ள தமிழ் இளைஞர் மணிமன்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்துக்கு அது மூத்த அக்கா முறை. பிரிவினைக்குப் பிறகு காலப்போக்கில் இரண்டு நாட்டு நாளிதழ்களும் எல்லை தாண்டிக் கடைகளுக்குப் போவது நின்றுவிட்டது. பாட்டிக்கு அந்தச் சட்டம் எல்லாம் தெரியாது. “ஒருநாள் முரசு வரல. அப்புறம் நேசன் வந்துச்சு” என்றார். அந்த நேசனும் 1924இல் தொடங்கி 2019இல் நின்று போனது.

இனி என் தலைவலி.

2013 அக்டோபரில் எங்கள் மலையில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அணை நீர் திறந்துவிடப்பட்டு வெள்ளம் வந்தது. எனக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எங்களுக்கே தெரியவந்தது ஈப்போவிலிருந்து மாமா பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டபோதுதான். நம் மலையில் நடப்பது நமக்கு வெளியிலிருந்து தெரிகிறது என்பது அன்றே மனத்தில் பதிந்துவிட்டது. கோலாலம்பூருக்குப் படிக்க வந்த முதல் ஆண்டில், சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு புலனக் குழு தொடங்கினேன். பேருந்து நேரம், உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், கோயில் திருவிழா, மண்சரிவு, யார் வீட்டில் துக்கம். இப்படித்தான் ஓடியது. இப்போது நூற்றைம்பது பேர் வரை இருக்கிறோம்.

போன ஆண்டு ஒரு லயத்தில் நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. வாளிகள் வரிசையாக நிற்கும் படத்தை ஓர் அக்கா எனக்குத் தனியாக அனுப்பினார். “என் பேரைப் போடாதே, நீ போடு” என்றார். லயத்து வீடு நமக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு. அதனால் உள்ளே இருப்பவர் பேச மாட்டார். நான் விடுதி அறையில் இருக்கிறேன், எனக்கென்ன? போட்டேன். அது முகநூல் வரை போனது. இரண்டாம் நாள் தண்ணீர் வந்தது. நான் ரொம்பப் பெருமைப்பட்டேன்.

மூன்றாம் நாள் அம்மாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். திட்டவில்லையாம். “உங்க மக நல்லா எழுதுது போல” என்று மட்டும் சொன்னார்களாம். அம்மா இதை என்னிடம் ஒரு மாதம் கழித்துத்தான், வேறு ஏதோ பேசும்போது சொன்னார். எனக்குக் கைகால் சில்லிட்டுவிட்டது. எழுதியது நான், கூப்பிடப்பட்டது அம்மா. சீனிவாசனைப் பற்றிப் படித்தபோது ஏன் தூக்கம் வரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

பெரிய மனிதர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவில்லை, சிரிக்காதீர்கள். தண்ணீர் வராத செய்திக்கு யாரும் குண்டு அனுப்ப மாட்டார்கள். ஆனால் வெளியே இருந்துகொண்டு உள்ளே இருப்பவர்களுக்காக எழுதுகிற யாருக்கும் இந்தக் கணக்கு உண்டு என்று நினைக்கிறேன். எழுதியவரைத் தேடி வர முடியாதபோது, கைக்கு எட்டுகிறவர் யார்? கஷோகி அமெரிக்காவுக்குப் போன பிறகும் அவருடைய குடும்பத்தார் சவூதியில் இருந்தார்கள். புதுச்சேரியில் அச்சான இதழை ரகசியமாக வாங்கிப் படித்தவர் சென்னையில் இருந்தார். பிடிபட்டால் மாட்டுபவர் அவர்தான். அவருடைய பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

உஸ்தாசாவிடம் இதையும் சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. “உன் குழுவுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். யாரும் இல்லை, என் கைப்பேசிக் கட்டணத்தை அப்பா கட்டுகிறார் என்றேன். “அப்படியென்றால் உன் பத்திரிகைக்கு முதலாளி உன் அப்பா” என்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும், அப்பாவைப் பற்றிய செய்தி எதையாவது என்றைக்காவது போட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். தோட்டத்துக் கூட்டுறவுக் கடைக் கணக்கைப் பற்றி ஒரு தம்பி கேள்வி கேட்டு அனுப்பியதை நான் போடாமல் விட்டது ஞாபகம் வந்தது. அந்தக் குழுவில் அப்பாவும் இருக்கிறார்.

இந்த விடுமுறையில் இன்னொரு படம் வந்திருக்கிறது. அதே லயம், மழைக்குப் பிறகு சமையலறைச் சுவரில் விரிசல். அனுப்பியவர் வேறோர் அக்கா. இந்த முறை உடனே போடவில்லை. அனுப்பியவரிடமே கேட்டேன், உங்கள் வீட்டு எண் படத்தில் தெரிகிறதே, பரவாயில்லையா என்று. இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, அந்த விரிசலை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நம்ம வீட்டுலயும் இப்படித்தான் இருக்கு” என்றார். “அதையும் சேத்து எடு.”

பாட்டி உள்ளேயிருந்து கூப்பிட்டார், அந்தப் பச்சைப் பேப்பரில் என்னதான் போட்டிருக்கிறான் என்று படித்துக் காட்டும்படி. வாசலில் உட்கார்ந்து, வலமிருந்து இடமாக, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். ஒரு தலைப்பை முடிப்பதற்குள் மூடுபனி லயத்தை மூடிவிட்டது.

“சத்தமா படி” என்றார் பாட்டி.